உள்ளான் பசி

சுடர்க்கொடிக்குப் பசித்தால், அது யாருடைய பசி என்று முதலில் யோசிக்க வேண்டியிருந்தது.

வைகாசியில் வந்தது கொழுத்த பசி. வடக்கே, பனி உருகிய சைபீரியச் சதுப்பில் புழுவும் பூச்சியும் கொட்டிக் கிடக்க, அவளுடைய உள்ளான் பறவை ஓயாமல் கொத்தித் தின்றது. இங்கே பறவை ஆய்வு மைய விடுதியில் அவள் மூன்றாம் முறை சோறு கேட்டுப் போய்ச் சமையல்காரரிடம் பேச்சு வாங்கினாள். ஆடியில் பசி போய்த் தவிப்பு வந்தது. உட்கார இருப்புக் கொள்ளவில்லை. முகம் தானாகத் தெற்கே திரும்பியது. ஆவணியில் பறத்தல். நெடுந்தூரம் பறக்கும் உள்ளானுக்கு இரைப்பை சுருங்கிப்போகும். தன் சதையையே எரித்துக்கொண்டு பறக்கும். சுடர்க்கொடியின் வயிறு அதை அப்படியே நம்பிவிட்டது. ஓர் இட்லிகூட இறங்கவில்லை.

வளைமூக்கு உள்ளான் ஓர் எலுமிச்சம்பழக் கனம்தான் இருக்கும். பேட்டரி வைத்த கருவிகளை அதன் முதுகில் கட்டி அனுப்பிய காலத்தில் பாதிப் பறவைகள் வழியிலேயே விழுந்து செத்தன. காப்பாற்றப் போனவர்களே கொன்றார்கள். அதற்காக யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் 'இணை' வந்தது. கேழ்வரகு மணியைவிடச் சிறிய சில்லு ஒன்று பறவையின் கழுத்துத் தோலுக்கு அடியில். அதன் ஜோடிச் சில்லு ஒரு மனிதரின் காதுக்குப் பின்னால்.

சொந்த ஊரான சேத்துமுனைக்கு வந்த அன்று அப்பா காத்தமுத்து அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். உப்பளத்தில் உப்பு இழுக்கும் வாரு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்.

"இதுக்குக் கரண்டு யாரு ஆயி குடுக்குறா?"

"யாரும் குடுக்க வேணாம்ப்பா. உடம்புச் சூடு போதும். சூடும் நாடியும் படுற வரைக்கும் ஓடும்."

"அந்தக் குருவி செத்துட்டா?"

"நின்னுரும்."

"மெஷின்ல போட்டுப் பாத்துக்க வேண்டியதுதானே. பொம்பளப் புள்ள காதுல கொண்டாந்து வச்சிருக்கானுவோ."

"போட்டாங்கப்பா. கோடு கோடா வந்துச்சு, ஒண்ணும் வெளங்கல. ஒரு உடம்பு சொல்றது இன்னொரு உடம்புக்குத்தான் புரியுதாம்."

"ஒங்க மேடம் உடம்புக்குப் புரியாதாமா?"

சுடர்க்கொடி சிரித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு. ஆய்வை நடத்தும் டாக்டர் நிவேதனா மேடம் தன் காதுக்குப் பின்னால் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. 'கரையோரப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை' என்றுதான் வேலை விளம்பரம் வந்திருந்தது. அந்த ஊரிலேயே முதல் பட்டதாரி அவள். விலங்கியல் படித்த பெண்ணுக்கு அந்தக் கரையில் இருந்த வேலை இறால் தொழிற்சாலையில் தோல் உரிப்பது ஒன்றுதான். முன்னுரிமை என்ற சொல்லைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். வேறு வழி இருக்கிறவர்கள் யாரும் தங்கள் உடம்பை இன்னொரு உயிருக்கு வாடகைக்கு விடமாட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அவளுக்கு முன்னால் சேர்ந்த பழவேற்காட்டு ஜெயசீலனின் பறவை, கிழக்குச் சீனக் கரையில் இறங்கப் போன இடத்தில் சேறு இல்லை. மண் கொட்டி நிரப்பிக் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். இறங்க இடமில்லாமல் வட்டமடித்தே செத்தது. ஜெயசீலன் அதற்குப் பிறகு யாரோடும் பேசுவதில்லை. காற்று அடித்தால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பான்.

சேத்துமுனைக்கும் அதே கதிதான் காத்திருந்தது. ஊருக்குக் கிழக்கே, அலை வற்றினால் கண்ணுக்கெட்டியவரை விரியும் கறுப்புச் சேறு. அம்மா செகதம்பாளும் ஊர்ப் பெண்களும் நண்டும் மட்டியும் பொறுக்கிப் பிழைப்பது அதில்தான். அதைத் தோண்டிக் கப்பல் கொண்டுவர ஒரு துறைமுகக் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. பறவை வந்து மேயும் சேற்றைத் தொடக் கூடாது என்று சட்டம். 'இந்தச் சேற்றுக்கு இப்போது எந்த உள்ளானும் வருவதில்லை' என்று கம்பெனி சொன்னது. அது பெரும்பாலும் உண்மை. துறைமுகத்துக்கு எதிரான வழக்கு விசாரணைக்கு வரும் நேரத்தில் ஒரே ஓர் உள்ளான் திரும்பி வந்தால் போதும். போன பருவத்தில் இதே சேற்றில் பிடித்துச் சில்லு வைத்து அனுப்பிய உள்ளான்தான் சுடர்க்கொடியினுடையது. அதனால்தான் மேடம் அவளை ஊருக்கு அனுப்பிவைத்திருந்தார்.

மனிதர்களுக்காக ஒரு சேற்றை விட்டுவைக்க இந்த நாட்டில் சட்டம் இல்லை. பறவைக்கு இருந்தது. அதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று ஊர் பார்த்தது.

அது வந்தது.

ஒரு காலை, அடுக்களையில் அம்மாவுக்கு நண்டு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குக் காலுக்கடியில் திடீரென்று குளிர்ந்தது. சிமெண்டுத் தரைதான், ஆனால் விரலிடுக்கில் சேறு பிதுங்கியது. மூக்கு நுனி எங்கோ புதைந்து, உப்பும் அழுகலும் கலந்த ஈரத்துக்குள் ஒரு புழுவைத் தொட்டது. இந்தச் சேற்றை அவளுக்குத் தெரியும். நடை பழகியதே இதில்தான். நண்டைப் போட்டுவிட்டு அவள் அழுதாள்.

"எங்கடி வலிக்குது?" என்று அம்மா பதறினாள்.

"எங்கயும் இல்லம்மா."

வெளியே போய் மேடத்துக்குப் போன் செய்தாள். "வந்துருச்சு மேடம். நம்ம சேத்துலதான் மேயுது."

மறுமுனையில் மேடம் கத்தியே விட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சுடர், ரூல் ஞாபகம் இருக்கில்ல? லொக்கேஷனை லோக்கல் ஆளுங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்க வீட்லகூட. முக்கியமா உங்க அப்பாகிட்ட."

"அப்பா கண்ணி வைக்கிறத விட்டு வருஷக்கணக்காவுது மேடம்."

"நான் அவரைத் தப்பா சொல்லலம்மா. ரூல் சொல்றேன்."

அவர் தப்பாகத்தான் சொன்னார். அது இருவருக்கும் தெரியும். ஒரு காலத்தில் காத்தமுத்து கண்ணி வைத்தால் உள்ளான் கூட்டமாக விழும். நாக்கை மடித்து, அதே குரலில், அதே இழுவையில் கூப்பிடுவார். பறவை தன் இனம் அழைக்கிறது என்று இறங்கி வரும். மகள் விலங்கியல் படிக்கக் கல்லூரிக்குப் போன வருஷம் கண்ணிக் கட்டைச் சுருட்டிக் கூரையில் செருகிவிட்டு, முழுநேரமும் உப்பளத்துக்குப் போகத் தொடங்கினார். சுடர்க்கொடி அதையெல்லாம் மேடத்திடம் சொல்லவில்லை. வேலை வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். வீட்டிலும் மூடிக்கொண்டாள்.

உள்ளான் மேய்ந்தது. நாளுக்கு நாள் தேறியது. வினோதம் என்னவென்றால், அது நிரம்பியபோது சுடர்க்கொடிக்கும் நிரம்பியதுபோல் இருந்தது. வயிற்றில் மட்டும் ஒன்றும் இல்லை. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. உள்ளுக்குள் திருப்தியாக ஏப்பம் விட்டுக்கொண்டே அவள் எலும்பும் தோலுமாக ஆனாள். கடைசியில் பாயை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. நோய் என்று வீட்டுக்குத் தெரிந்தது. காரணம் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு வடுவம்மா வாசலில் நின்றுகொண்டு நீட்டி முழக்கினாள். "பேய் புடிச்சா வேப்பெல அடிக்கலாம். ஒம் மவளுக்கு உள்ளான்ல புடிச்சிருக்கு செகதம்பா. அதுக்கு எந்தக் கோயில்ல பாடம் போடுறது?"

"நீ ஒங் கோழியப் போய்ப் பாரு. நரி தூக்கிட்டுப் போவுது" என்றாள் அம்மா.

"கோவிச்சுக்காதடி. நான் மூத்தவனப் பெத்துட்டுக் குப்புறக் கெடந்தப்ப எங்க மாமியா என்னா வச்சுக் குடுத்து எழுப்புனா? ரெண்டு உள்ளான் சூப்பு. மூணாம் நாளு தண்ணி எறைக்கப் போனேன். மருந்து இருக்குற ஊர்ல புள்ளய மாத்திரைய முழுங்க வைக்கிற."

அந்த ஊரில் பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவளுக்கும் அதுதான் வழக்கம். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். பாதி மயக்கத்தில் கிடந்த சுடர்க்கொடி இரண்டையும் பார்த்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மறுநாள் முற்பகல். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அடுக்களையில் அம்மா அம்மியில் மிளகு அரைக்கும் சத்தம். சேற்றில் உள்ளான் தனியாக நின்றது. வந்த நாள் முதலாகவே அது தனியாகத்தான் நின்றது. அப்போது அந்த அழைப்பு வந்தது. மெல்லிய, இழுத்த, பழகிய குரல். சுடர்க்கொடியின் மார்பு விம்மியது. இத்தனை நாளில் அந்தப் பறவையிடமிருந்து அவளுக்கு வந்தது பசியும் களைப்பும் பயமும்தான். இது புதிது. வேறு யாரோ இருக்கிறார்கள் என்ற ஆறுதல். அது குரலை நோக்கி ஓடியது. பாயில் கிடந்த அவள் காலும் துடித்தது.

கணுக்காலில் சுருக்கு இறுகியது.

அவள் அலறிய சத்தத்தில் அம்மி நின்றது. "என்னாடி, என்னாடி" என்று அம்மா ஓடி வந்து மடியில் போட்டுக்கொண்டாள். அங்கே சேற்றில், பெரிய சூடான கை ஒன்று உடம்பு முழுவதையும் மூடியது. பிறகு கழுத்தில் ஒரு திருகல். பிறகு ஒன்றும் இல்லை. இருட்டுகூட இல்லை. ஒரு வருஷமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த இன்னொரு நாடி நின்றுவிட்டது.

"செத்துருச்சும்மா" என்றாள்.

"சும்மா கெட. ஒனக்கு ஒண்ணும் ஆவாது. அப்பா மருந்து எடுத்தாரப் போயிருக்காரு."

பிற்பகலில் அம்மா கிண்ணத்தில் ஆவி பறக்கக் கொண்டுவந்து நீட்டினாள். மிளகு, சீரகம், பூண்டு. அதற்கு அடியில், சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் குடித்த அந்த வாசனை. சுடர்க்கொடி கிண்ணத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"எங்கேருந்து புடிச்சாரு?"

"நம்ம சேத்துலதான். ஒத்தையா நின்னுச்சாம். குடி, எழும்பிருவ."

அப்போது திடீரென்று அவளுக்குள் ஒரு நாடி துடித்தது. உள்ளானுடையது அல்ல. கனமான, தடுமாறுகிற நாடி. முதுகு வலித்தது, உப்பு அரித்த வெடிப்புகள் எரிந்தன. எந்தப் பறவைக்கும் இருக்க முடியாத ஒரு பயம். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"ஆயி... உரிச்ச தோலப் பொதைக்கப் போனேன், கழுத்துல இது ஒட்டிட்டு இருந்துச்சு. நீ சொன்னது மாதிரியே இருக்கு. இது... இது ஒன்னுதா?"

காய்த்துப்போன உள்ளங்கையின் நடுவில் சில்லு. உடம்புச் சூடு போதும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அப்பாவின் உடம்புக்குள் நடந்தது முழுவதும் அவளுக்குள் நடந்தது. பெற்ற மகளின் கழுத்தைத் தானே திருகிவிட்டோமோ என்று நடுங்கும் ஓர் ஆணின் நெஞ்சை உள்ளே இருந்து பார்க்கும் கொடுமை எந்த மகளுக்கும் வரக் கூடாது.

"கீழ வைங்கப்பா" என்றாள். "தயவுசெஞ்சு கீழ வைங்க."

அவர் அதைத் தரையில் வைத்தார். நாடி நின்றது. அவர் சுவரில் சாய்ந்து அழுதது இப்போது வெளியிலிருந்து மட்டும் தெரிந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா நீ? வந்துருச்சுன்னு ஒரு வார்த்த. வழிதப்பி வந்த ஏதோ ஒண்ணுன்னுல்ல நெனச்சேன். சேத்தோரம் போயிருப்பனா? காவலுக்கு நின்னுருப்பனே ஆயி!"

அவளிடம் பதில் இருந்தது. அது ஒரு ரூல்.

அம்மா கிண்ணத்தைத் திரும்பவும் நீட்டினாள். "செத்தது செத்துப்போச்சு. கொட்டுனா திரும்பி வருமா? நீயாவது இருக்கணும்ல. குடிடி."

சுடர்க்கொடி குடித்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். சூப்பு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். "பறந்து போயிடுச்சுன்னு சொல்லிடலாம்" என்றார் மேடம். "சேத்துல மேஞ்சது, அப்புறம் தெற்கே போயிடுச்சு. சிக்னல் கட் ஆயிடுச்சு. ப்ராஜெக்ட் பேர் கெடாது. உங்க அப்பாவும் தப்பிச்சுடுவார்."

"கம்பெனி வக்கீலு சான்று கேப்பாரே மேடம்."

"உன் வாக்குமூலம் இருக்கே."

"சேத்துமுனைக்காரி வாக்குமூலம். நீங்களே நம்ப மாட்டீங்க."

மேடம் போனை வைத்தார்.

கணக்கு எளிதுதான். பறவை திரும்பி வந்ததற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்று, எண் பொறித்த அந்தச் சில்லு ஒன்றுதான். அதைக் காட்டினால் சேறு பிழைக்கும். காட்டினால் பறவையைக் கொன்றது யார் என்ற கேள்வியும் வரும். காட்டாவிட்டால் அப்பா பிழைப்பார், சேறு போகும், சேற்றோடு அம்மாவின் பிழைப்பும் ஊரும் போகும்.

"நான் வந்து சொல்லிப்புடுறேன் ஆயி" என்றார் அப்பா. "நான்தானே செஞ்சேன். உள்ள போயிட்டு வர்றேன்."

"நீங்க சொன்னா, பாருங்க, பறவையக் கொல்லுற ஊரு, தூக்கி வெளிய போடுங்கன்னு வக்கீலு சொல்லுவான். அதத்தான் அவன் தேடிட்டு இருக்கான். நான் செஞ்சேன்னு சொன்னா, அது மையத்து ஆளு செஞ்ச தப்பு. ஊரு மேல வராது."

"நீ படிச்ச புள்ளடி" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அதான் சொல்றேன். படிச்சது இதுக்காவது ஒதவட்டும்."

விசாரணை மன்றம் குளிரூட்டிய அறை. கம்பெனி வக்கீல் நல்ல தமிழில் பேசினார். "மாண்புமிகு தலைவர் அவர்களே, சாட்சி அதே ஊர்ப் பெண். அவர் உடம்பில் ஏதோ உணர்ந்தாராம். உணர்ச்சியை நம்பி ஒரு துறைமுகத்தை நிறுத்த முடியுமா? பறவையைக் காட்டச் சொல்லுங்கள்."

சிலர் சிரித்தார்கள். சுடர்க்கொடி நடந்துபோய்த் தலைவரின் மேஜைமேல் ஒரு சிறு கண்ணாடித் தட்டை வைத்தாள். மேடம் இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவர் சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். நரைத்த, கனிவான முகம். உதவியாளர் உருப்பெருக்கியில் எண்ணைப் பார்த்துப் பதிவோடு ஒத்துப்போகிறது என்றார். தலைவர் கையை மூடிக்கொண்டார்.

"பறவை இப்ப எங்கம்மா?"

"செத்துப்போச்சு."

"எப்படி?"

"நான் பிடிச்சேன். நான் அறுத்தேன். நான் சூப்பாக் குடிச்சேன்."

மூன்றில் கடைசி ஒன்றுதான் உண்மை. யாரும் இப்போது சிரிக்கவில்லை. வக்கீல் எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

"நீங்க அதைக் காப்பாத்தற வேலையில இருந்தவங்க" என்றார் தலைவர். "இது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா? ஒரு உயிரம்மா அது. அத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்த ஒரு உயிர்." அவர் குரல் உடைந்தது. பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது சில்லில் கைச்சூடு ஏறியது.

சுடர்க்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பறவையின் நாடி தெரியும் அவளுக்கு. அப்பாவின் நாடி தெரியும். இப்போது இந்த நாடி. குரல் உடைந்த மனிதரின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று தேடினாள். கோபம் இருந்தால் போதும். வெறுப்பு இருந்தாலும் போதும். இடது முழங்காலில் வலி இருந்தது. இடுப்பு வார் இறுக்கிக்கொண்டிருந்தது. நாடி கடிகாரம்போல் ஒரே சீராக ஓடியது. அதற்கு அடியில் பசி. வேறொன்றும் இல்லை; நேரமாகிவிட்ட மத்தியானச் சாப்பாட்டுப் பசி.

அந்தப் பசியோடு அவர் உத்தரவை வாசித்தார். பறவை திரும்பி வந்தது நிரூபணமாகிறது. முழு விசாரணை முடியும்வரை சேத்துமுனையில் ஒரு மண்வெட்டிகூட இறங்கக் கூடாது. சாட்சியை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

கையை விரித்தார். சில்லு தட்டில் விழுந்தது. உதவியாளர் மூடிபோட்டு முத்திரை வைத்தார். மன்றம் சாப்பாட்டுக்குக் கலைந்தது.

இரண்டு பெண் காவலர்கள் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துவந்தார்கள். தூணருகே அம்மா தூக்குவாளியோடு நின்றாள். அப்பா அவளுக்குப் பின்னால், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு. சுடர்க்கொடிக்கு இன்னும் பசித்தது. யாரோ சில்லை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு வழியே தெரிந்தது: காலி நாற்காலிகள், மேஜை, அதன்மேல் மூடி போட்ட தட்டு. அதன் பக்கத்தில் எந்தக் கையும் இல்லை.

காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். பசி போகவில்லை.

"அம்மா" என்றாள். "சோறு கொண்டாந்தியா?"